சரக்கே சரக்கை விற்குமா? 36,000 ரூபாய்ப் பயிற்சி ஒன்றின் விமர்சனம்

விற்பனையாளர் இல்லாமல் மென்பொருளை விற்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு பயிற்சி. தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். 36,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 6,480. ஆக மொத்தம் 42,480. நான் பில் போடும் மென்பொருள் விற்கிறவன், வரியை விடுவேனா? அந்த 6,480ஐ நான் கட்டவேண்டிய ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொண்டேன். மிச்சம் என் கைக்காசு.

கடந்த ஜனவரியில் தொடங்கி எட்டு சனிக்கிழமை மாலை, ஜூமில் இரண்டு மணி நேரம். நடத்தியவர் பெங்களூருக்காரர். இரண்டு மூன்று மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டு இப்போது கற்றுக்கொடுக்க வந்திருக்கிறார். பெயரைப் போடவில்லை. புகழவும் திட்டவும் என்னிடம் விஷயம் இருக்கிறது. பெயர் போட்டால் ஒன்று விளம்பரமாகிவிடும், இல்லாவிட்டால் சண்டையாகிவிடும். அங்கே படித்தவர்கள் எதுவென்று தாமாகக் கண்டுகொள்வார்கள்.

நான் ஏன் போய்ச் சேர்ந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். ஈரோட்டில் ஈஸ்வரன் கோயில் வீதிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடி அறையில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஜவுளி மொத்தக் கடைகளுக்கு பில், இருப்பு, பாக்கிக் கணக்குப் பார்க்கும் மென்பொருள் எங்களுடையது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கடைக்காரர்கள் பதறிய பதற்றத்தில் எங்கள் தொழில் நிமிர்ந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஸ்கூட்டரில் போய்ப் பிடித்தவர்தான். இரண்டு பையன்கள் கடை கடையாக ஏறி இறங்குவார்கள்; ஒருவர் ஒப்புக்கொண்டால் மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்கள். வருடச் சந்தா 9,000 ரூபாய். பெட்ரோல், சம்பளம், டீ எல்லாம் போட்டுப் பார்த்தால் முதல் வருடச் சந்தா அப்படியே கரைந்துவிடும். வெளியூருக்கு ஒரு டீலர் வைத்திருந்தோம். அவர் ஒரு நாள் வேறு மென்பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு, நாங்கள் கொடுத்த வாடிக்கையாளர் பட்டியலோடு போய்விட்டார். அந்த வாரத்தில்தான் இந்தப் பயிற்சியின் விளம்பரம் கண்ணில் பட்டது. ‘விற்பனையாளர் இல்லாமல் வளருங்கள்.’ நேரம் பார்த்து அடித்தார்கள்.

புராடக்ட் லெட் குரோத், சுருக்கமாக பி.எல்.ஜி. என்று சொல்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால், சரக்கே சரக்கை விற்பது. ஆள் போய்ப் பேசாமல், வாடிக்கையாளர் தானே வந்து, தானே பழகி, பிடித்திருந்தால் தானே காசு கட்டுவது. பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று நாம் சொல்வதில்லையா, அதுதான். ஆனால் பூ தெருமுனையிலேயே மணக்கும். மென்பொருளைத் திறந்து உள்ளே போனால்தான் மணமா நாற்றமா என்று தெரியும். இந்த ஒரு சிக்கலைத் தீர்ப்பதற்குத்தான் எட்டு வாரமும்.

முதல் இரண்டு வாரம் கதைகள். 1996இல் வந்த ஹாட்மெயில், அனுப்பிய ஒவ்வொரு மடலின் அடியிலும் ‘உங்களுக்கும் இலவச மின்னஞ்சல் வேண்டுமா’ என்ற பொருளில் ஒரு வரி சேர்த்தது. ஒன்றரை ஆண்டுக்குள் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிவிட்டது. கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ், நண்பரைச் சேர்த்துவிட்டால் இருவருக்கும் கூடுதல் இடம் கொடுத்தது. பதினைந்து மாதத்தில் ஒரு லட்சம் பயனர்கள் நாற்பது லட்சமானார்கள். ஸ்லாக், ஓடாமல் போன ஒரு கணினி விளையாட்டைச் செய்த குழு தன் உள் உபயோகத்துக்குச் செய்த, அலுவலகக் குழுக்கள் செய்தி பரிமாறிக்கொள்ளும் கருவி. நன்றாகவே சொன்னார். ஆனால் இவையெல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதற்கு நான்கு மணி நேரமும் என் கட்டணத்தில் கால் பங்கும் போனது அதிகம்.

அவர் சொல்லாமல் விட்ட ஒரு கதையை நான் சேர்க்கிறேன். இந்தப் பி.எல்.ஜி. என்ற பெயரை 2016இல் சூட்டியது போஸ்டனைச் சேர்ந்த ஓப்பன்வியூ என்ற முதலீட்டு நிறுவனம். 2023 டிசம்பரில் அந்த நிறுவனமே புதிய முதலீடுகளை நிறுத்திவிட்டுப் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. பெயர் வைத்தவர் போனதால் பிள்ளைக்குக் குறை வந்துவிடாது. இருந்தாலும் படிக்கப் பணம் கட்டியவனுக்கு அதையும் சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் வாரம்தான் வாரம். கட்டிய காசு அந்த ஒரு சனிக்கிழமையிலேயே வந்துவிட்டது என்று சொன்னால் மிகை இல்லை.

வீட்டுப்பாடம் மூன்றே வரி. உங்கள் மென்பொருளை இதுவரை பார்த்திராத ஒருவரிடம் கொடுங்கள். அவர் பயன்படுத்துவதைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது.

எங்கள் மாடிக்குக் கீழே ஒரு லுங்கி மொத்தக் கடை இருக்கிறது. அங்கே ஒரு பெண் கணக்கு எழுதப் புதிதாகச் சேர்ந்திருந்தார். பி.காம். முடித்தவர், டேலி பழகியவர். மதியம் கடை ஓய்ந்திருந்த நேரத்தில் மடிக்கணினியைக் கொடுத்து, “ஒரு பில் போடம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

முதல் திரையிலேயே நாங்கள் கேட்டவை: நிறுவனத்தின் பெயர், நிதியாண்டு, ஜி.எஸ்.டி. எண், கிடங்கின் பெயர், தொடக்க இருப்பு. ஜி.எஸ்.டி. எண்ணுக்காக எழுந்து போய், பில் குத்தும் கம்பியில் இருந்து ஒரு பழைய பில்லை உருவி வந்தார். பதினைந்து எழுத்தையும் தட்டினார். பூஜ்யம் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில ‘ஓ’ விழுந்துவிட்டது. எங்கள் மென்பொருள் ‘தவறான உள்ளீடு’ என்றது. எது தவறு என்று சொல்லவில்லை. நான்கு முறை முழு எண்ணையும் அழித்து மறுபடி தட்டினார். கிடங்கின் பெயர் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு ‘மாடி’ என்று எழுதினார். சரக்கு மாடியில் இருக்கிறது, அவர் செய்தது சரிதான். அடுத்து ஹெச்.எஸ்.என். குறியீடு, அதாவது வரிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண். ஆடிட்டர் அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் கேட்டார். அவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். காத்திருந்தார். முப்பத்தோராவது நிமிடத்தில் நிமிர்ந்து பார்த்து, “அண்ணா, பில் எங்கே போடுவது?” என்று கேட்டார்.

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கு நுனி வரை வந்த பதிலை விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. முதல் பில் அச்சாகி வெளியே வந்தபோது நாற்பத்தேழு நிமிடம் ஆகியிருந்தது. “நன்றாக இருக்கிறது அண்ணா” என்றும் சொன்னார். ஈரோட்டு மரியாதை.

அன்று இரவு அந்தப் படத்தை ஐந்து பேரும் சேர்ந்து பார்த்தோம். ஒருவரும் பேசவில்லை. ஒன்பது வருடமாக எங்கள் மென்பொருளின் ஓட்டைகளை என் பையன்கள் இருவரும் வாயால் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மூன்று நாள் பயிற்சி, இலவச சேவை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டதெல்லாம் அந்த ஒட்டு வேலைதான்.

திருத்தியவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். இப்போது தொலைபேசி எண்ணும் ஓ.டி.பி.யும் மட்டும். உள்ளே நுழைந்ததும் ஒரு மாதிரிக் கடை தயாராக இருக்கும்: சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம், லுங்கி, துண்டு, ஒவ்வொன்றுக்கும் ஹெச்.எஸ்.என். குறியீட்டோடு. பாதி எழுதிய ஒரு பில் திரையில் நிற்கும். அளவை மாற்றி அச்சிட வேண்டியதுதான். ஜி.எஸ்.டி. எண்ணை நிஜமான முதல் பில் போடும்போதுதான் கேட்கிறோம். அதிலும் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு (நமக்கு 33), அடுத்த பத்து எழுத்து பான் எண். ஆகவே எட்டாவது இடத்தில் இருந்து பதினொன்றாவது இடம் வரை இலக்கம் மட்டுமே வர முடியும். அங்கே ‘ஓ’ விழுந்தால் மென்பொருளே பூஜ்யமாக்கிக்கொள்ளலாம். எங்கள் நிரலர் இதை ஒரே பிற்பகலில் முடித்துவிட்டார். ஒன்பது வருடம் ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். “யாரும் சொல்லவில்லையே சார்” என்றார். சொல்லவேண்டியவன் நான்தான். முதல் பில்லுக்கு ஆகும் நேரம் நாற்பத்தேழு நிமிடத்தில் இருந்து நான்கு நிமிடத்துக்கு இறங்கியது.

நான்காம் வாரத்தில் ஒரு கேள்வி கேட்டேன். பயிற்சியின் பெரிய ஓட்டை அங்கேதான் தெரிந்தது. “பயன்படுத்துகிறவர் கணக்குப்பிள்ளை. காசு கொடுக்கிறவர் முதலாளி. முதலாளி கணினியைத் தொடவே மாட்டார். அப்போது சரக்கு யாரிடம் தன்னை விற்றுக்கொள்ளும்?” நிறுவனத்துக்குள் உங்களுக்காகப் பேசும் ஒருவரைக் கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். மாதம் 12,000 சம்பளம் வாங்கும் பெண் முதலாளியிடம் போய் மென்பொருளுக்காகப் பேசுவாரா? டிராப்பாக்ஸிலும் ஹாட்மெயிலிலும் பயன்படுத்துகிறவரே முடிவெடுக்கிறவர். ஸ்லாக்கில் ஒரு குழுத் தலைவர் தன் அட்டையைத் தேய்த்துத் தொடங்கிவிடலாம். பெரிய நிறுவனங்களுக்கு விற்க ஸ்லாக்கும் பிறகு விற்பனையாளர்களை வைக்கத்தான் செய்தது. எங்கள் கடைவீதியில் கல்லாவும் கணினியும் வேறு வேறு மேஜையில் இருக்கின்றன.

இதற்கு விடை பயிற்சியில் கிடைக்கவில்லை. ஒரு முதலாளியின் வாயில் இருந்துதான் கிடைத்தது. எங்கள் மென்பொருளில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போகும் வசதி மூலையில் கிடந்தது: இன்றைய விற்பனை, வசூல், யார் எவ்வளவு பாக்கி. சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் கொடுத்துவந்தோம். ஒரு நாள் எங்கள் சர்வர் படுத்து அந்தச் செய்தி போகவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு முதலாளி கூப்பிட்டு, “தம்பி, நேற்று ராத்திரி கணக்கு வரவில்லையே, எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை” என்றார். மென்பொருளை ஒரு முறைகூடத் திறந்து பார்க்காதவர் அவர்.

அந்த வசதியை இலவசத் திட்டத்துக்கு மாற்றினோம். கணக்குப்பிள்ளை முதலாளியின் எண்ணைச் சேர்த்தால் போதும், ஒரு மாதம் தினமும் போகும். அதன் பிறகு நிற்கும். நிற்கும்போது முதலாளியே கேட்கிறார், யாரும் அவரிடம் போய்ப் பேச வேண்டியதில்லை. ஏப்ரலில் இலவசத் திட்டத்தைத் திறந்ததில் இருந்து இன்று வரை காசு கட்டியவர்கள் இருபத்து மூன்று கடைக்காரர்கள். அதில் பத்தொன்பது பேர் இரவுச் செய்தியில் சிக்கியவர்கள். பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் அந்தப் பத்தொன்பது கடையிலும் மூன்று நாள் யாரும் போய் உட்காரவில்லை.

ஐந்தாம் வாரம், இலவசத்துக்கு எங்கே சுவர் வைப்பது, அதாவது எதுவரை இலவசம், எங்கிருந்து காசு. இது நல்ல வகுப்பு. ஸ்லாக் நெடுநாள் பத்தாயிரம் செய்தி வரை பார்க்கவிட்டது, 2022இல் அதைத் தொண்ணூறு நாள் என்று மாற்றியது. ஜூமில் இலவசக் கூட்டம் நாற்பது நிமிடம். ஒவ்வொரு சுவரும் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று பிரித்துக் காட்டினார். கேட்டுவிட்டு வந்து நான் செய்தது முழு முட்டாள்தனம். அந்தப் பழியை அவர் மேல் போட மாட்டேன். மாதம் ஐம்பது பில் இலவசம் என்று வைத்தேன். ஈரோட்டில் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். ஆடிச் சரக்கு எடுக்க வியாபாரிகள் குவியும் நேரம். ஒரு கடையில் முதல் செவ்வாயில் நாற்பது பில். அடுத்த செவ்வாய், விடியற்காலை ஐந்து மணி, வெளியூர் வியாபாரி மூட்டையோடு நிற்கிறார், பதினோராவது பில்லில் மென்பொருள் காசு கேட்டது. கணக்குப்பிள்ளை கணினியை மூடிவிட்டு மேஜைக்கு அடியில் இருந்து பழைய பில் புத்தகத்தை எடுத்துவிட்டார். அந்தக் கடை திரும்ப வரவே இல்லை.

இப்போது பில்லுக்குக் கணக்கே இல்லை, எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஒரு கணினி, ஒருவர், இலவசம். இரண்டாவது கல்லா வைத்தால், அல்லது இ-இன்வாய்ஸ் (அரசின் தளத்தில் பதிவு செய்யும் மின்னணு பில்) தேவைப்பட்டால் காசு. ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டினால் இ-இன்வாய்ஸ் கட்டாயம்; அந்த அளவுக்கு வந்த கடைக்கு 9,000 ரூபாய் ஒரு பொருட்டில்லை. சுவரைக் கணக்குப்பிள்ளையின் மேஜையில் இருந்து நகர்த்தி முதலாளியின் வாசலில் வைத்தோம்.

ஹாட்மெயிலின் அந்த அடிவரி என்னை விடவில்லை. எங்கள் பில்லின் அடியிலும் மென்பொருளின் பெயரையும் எண்ணையும் கொட்டை எழுத்தில் போட்டோம். மூன்றாவது நாளே ஒரு பெரியவர் மாடி ஏறி வந்துவிட்டார். “தம்பி, என் பில்லில் உங்கள் பெயர் எதற்கு? நான் உங்களிடம் வேலை பார்க்கிறேனா?” உட்கார வைத்து டீ கொடுத்தேன். சட்டைப் பையில் இருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து மேஜையில் போட்டார். அவர் பேத்தி கல்யாணம், என்னையும் அழைக்கத்தான் வந்திருந்தார். பத்திரிகையின் கீழ் மூலையில், கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரியும் அளவில், அச்சகத்தின் பெயர். அதைக் காட்டி, “இவ்வளவு சின்னதாக இருந்தால் சரியா?” என்றேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது வழக்கம்தானே” என்றார். இப்போது எல்லா பில்லிலும் அந்த அளவுதான். நம் அச்சகக்காரர்கள் ஹாட்மெயிலுக்கு வெகுகாலம் முன்பே இதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஜவுளிக்கடை மஞ்சள் பை மட்டும் என்ன? ஊர் ஊராகக் கடையின் பெயரைச் சுமந்து போகிறது, சுமப்பவருக்குக் கூலியும் இல்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வருத்தம். எட்டு வாரத்தில் சென்னை என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருளான ஃப்ரெஷ்டெஸ்க் 2010இல் சென்னையில் தொடங்கியது. சோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தில் இருந்து வெளியே வந்த கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் தொடங்கியது. முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி. சென்னையில் இருந்து யாரும் விமானம் ஏறிப் போய் டெமோ காட்டவில்லை. 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. இதைவிடப் பக்கத்து வீட்டு உதாரணம் வேறு என்ன வேண்டும்? பெங்களூரில் இருந்து சான் பிரான்சிஸ்கோ தெரிகிறது, சென்னை தெரியவில்லை.

ஆறாம் வாரம் மின்னஞ்சல் தொடர்கள் பற்றி. எங்கள் வாடிக்கையாளர்கள் மின்னஞ்சல் பார்ப்பதில்லை. ஏழாம் வாரம் பயனர்களின் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் ஒரு கருவியை வாங்கச் சொன்னார், டாலரில் மாதக் கட்டணம். வகுப்பு முழுக்க அந்தக் கருவியின் திரைதான் ஓடியது. அவருக்குப் பங்கு உண்டோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு பட்டியல்: முதல் வாரத்தில் முப்பது பில்லுக்கு மேல் போட்டவர்கள் யார். எங்கள் தரவுத்தளத்தில் நான்கு வரி எழுதினால் தினமும் காலையில் வந்துவிடுகிறது. பையன்கள் இருவரும் அந்தப் பட்டியலோடுதான் இப்போது ஸ்கூட்டரை எடுக்கிறார்கள். ஆமாம், இருவரும் வேலையில்தான் இருக்கிறார்கள். விற்பனையாளர் இல்லாமல் வளருங்கள் என்ற விளம்பரம் என் விஷயத்தில் பலிக்கவில்லை. ஆனால் முன்பு நாளைக்குப் பன்னிரண்டு கடை ஏறியவர்கள் இப்போது இரண்டு கடைக்குப் போகிறார்கள், அந்த இரண்டும் ஏற்கெனவே எங்கள் பில்லைப் போட்டுக்கொண்டிருக்கிற கடைகள்.

எட்டாம் வாரம் வகுப்பே நடக்கவில்லை. உடல்நலம் சரியில்லை என்று சொல்லிப் முன்பு படித்த மாணவர் அணிக்கு எடுத்த வகுப்பின் பதிவை அனுப்பினார்கள். உடல்நலத்தைக் குறை சொல்ல முடியாது, மறுதேதி கொடுத்திருக்கலாம். தனியாக நாற்பத்தைந்து நிமிட ஆலோசனை என்று கட்டணத்தில் சேர்த்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது பதினைந்து நிமிடம். அதிலும் பாதி நேரம் நான் ‘கேட்கிறதா, கேட்கிறதா’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

யார் சேரலாம்? மென்பொருள் இன்னும் மனதளவில் மட்டும் இருப்பவர்கள் வேண்டாம்; மூன்றாம் வார வீட்டுப்பாடத்துக்கே உங்களிடம் சரக்கு இருக்காது. இருபது முப்பது பேர் பயன்படுத்தும் ஒரு பொருள் கையில் இருந்து, அதை நீங்களே போய் விளக்கி விளக்கிக் களைத்திருந்தால் சேரலாம். ஆங்கிலத்தில்தான் நடத்துகிறார், வேகமாகப் பேசுவார், ஆனால் நிறுத்திக் கேட்டால் கோபப்பட மாட்டார். வாங்குகிறவரும் பயன்படுத்துகிறவரும் வேறு வேறு ஆளாக இருக்கும் தொழில் என்றால், நான்காம் வாரத்தில் என் கேள்வியையே நீங்களும் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது ஆள் கேட்டால் ஒருவேளை விடை தேடுவார். ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் மூன்று. மூன்றாம் வாரத்தை மட்டும் தனியாக விற்றால் ஐந்து.

மிச்சம் இருக்கும் முப்பது நிமிட ஆலோசனையைக் கேட்டுப் போன மாதம் எழுதினேன். கூடவே கல்யாணப் பத்திரிகைக் கதையையும் எழுதியிருந்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது: கதை நன்றாக இருக்கிறது, வகுப்பில் சொல்லிக்கொள்ளலாமா, முப்பது நிமிடத்துக்குப் பதிலாக அடுத்த அணியில் இலவசமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். தீபாவளிக்குப் பிறகு தொடங்குகிறதாம். மூன்றாம் சனிக்கிழமை மட்டும் வருகிறேன் என்று எழுதிவிட்டேன்.